வட சென்னையில் முதல் தடவை சொத்து வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, பெரம்பூர், கொளத்தூர் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பத்திரம் படித்துச் சொல்வதும், வீட்டுக்கடனுக்குக் காகிதம் சேர்த்துக் கொடுப்பதும் என் வேலை. முதன்முதலாகச் சொத்தில் பணம் போட வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கையில் 15 லட்சம் இருக்கிறது. இடத்தில் போடலாமா, வங்கியிலேயே விட்டுவைக்கலாமா?

அந்தப் பணத்துக்கு வேறு வேலை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூன்று வருடத்தில் பெண்ணுக்குக் கல்யாணம், அடுத்த வருடம் பையனுக்குக் கல்லூரி என்றால் அதை இடத்தில் போடாதீர்கள். அவசரத்துக்கு நகையை அன்றைக்கே அடகு வைக்கலாம். வீட்டையோ மனையையோ விற்க மாதக்கணக்கில் ஆகும். அவசரம் என்று தெரிந்தால் வாங்க வருகிறவர் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார். ஏழெட்டு வருடம் தொடாமல் விடக்கூடிய பணம், அது போக ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக, இந்த இரண்டும் இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

வட சென்னையில் விலை குறைவாக இருக்கிறதே, இதுதானே வாங்குவதற்குச் சரியான நேரம்?

விலை குறைவு என்பது உண்மை. அடையாறு, அண்ணா நகரில் ஃபிளாட் வாங்கும் பணத்துக்குக் கொருக்குப்பேட்டையிலோ மணலியிலோ தனி வீடே கிடைக்கலாம். நான் எல்லோரிடமும் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஏன் குறைவு?

காரணம் இரண்டு வகை. பணமும் காலமும் செலவானால் சரியாகிவிடும் காரணம் ஒரு வகை. சாலை மோசம், மழைநீர் வடிகால் இல்லை, பாதாளச் சாக்கடை வரவில்லை, பஸ் வசதி குறைவு எல்லாம் இதில் சேரும். 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாயில் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டம் போன்றவை இந்தக் குறைகளைத்தான் குறிவைக்கின்றன. இப்படிப்பட்ட காரணத்தால் விலை குறைந்திருந்தால், பொறுமையாகக் காத்திருப்பவருக்கு லாபம் கிடைக்க வாய்ப்புண்டு.

நீங்கள் எவ்வளவு காத்திருந்தாலும் தீராத காரணம் அடுத்த வகை. வீடு நிற்கிற மண்ணான அடிமனை கோயிலுடையது, பத்திரத்தில் ஒரு வாரிசின் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, வீடு ஆற்றின் வெள்ளப் பாதையில் நிற்கிறது, பக்கத்திலேயே ரசாயன ஆலை இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி இரவோடு இரவாக வீட்டை விட்டு ஓடினார்கள். அதற்குச் சில வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எர்ணாவூர் வீடுகளுக்குள் வந்தது. இப்படிப்பட்ட இடத்தைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்க வருகிறவரும் பாதி விலைக்குத்தான் கேட்பார்.

தீரக்கூடிய காரணத்தால் விலை குறைந்த இடத்தை மட்டும் வாங்குங்கள். கீழே நான் சொல்வது முழுக்க இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான்.

மெட்ரோ வந்துவிட்டால் விலை ஏறிவிடும் என்கிறார்களே?

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரி 14 அன்றே ஓட ஆரம்பித்துவிட்டது. தண்டையார்பேட்டை, டோல்கேட், திருவொற்றியூர் பக்கம் அதன் பலன் விலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. இரண்டாம் கட்டத்தின் மூன்று வழித்தடங்களில் இரண்டு மாதவரத்தில் தொடங்குகின்றன. அங்கேயும் மனை விற்பவர் மெட்ரோ பெயரைச் சொல்லித்தான் இன்றைக்கு விலை கேட்கிறார். இன்னும் ரயில் ஓடாத பாதைக்கு ரயில் ஓடுகிற விலையைக் கொடுத்து வாங்கினால் ஏறுவதற்கு என்ன மிச்சம்?

ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் நடந்து பாருங்கள். வழியில் ரயில்வே கேட்டோ கண்டெய்னர் லாரி வரிசையோ இருந்தால், வரைபடத்தில் ஒரு கிலோமீட்டராகத் தெரிவது காலை நேரத்தில் அரை மணியை விழுங்கிவிடும்.

வாடகைக்கு விட்டால் எவ்வளவு நிற்கும்?

எல்லோரும் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரம்பூர் பக்கம் 60 லட்ச ரூபாயில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், வாடகை 16,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 1,92,000. ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாக இருந்தால் 16,000 போகும். சொத்து வரி, பெயின்ட், பிளம்பர், மோட்டார் ரிப்பேர் என்று இன்னொரு 30,000. மிச்சம் 1,46,000. பதிவுச் செலவையும் சேர்த்து நீங்கள் போட்டது சுமார் 65 லட்சம். ஆக, வருமானம் இரண்டேகால் சதவீதம்தான். வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டிருந்தால் ஒரு கவலையும் இல்லாமல் இதைப் போல இரண்டு, மூன்று மடங்கு வந்திருக்கும்.

கடன் வாங்கி வாங்கினால் நிலைமை இன்னும் இறுக்கம். 40 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 34,700. வாடகை 16,000 போக, மாதம் 18,700 உங்கள் கையிலிருந்து போகும். 20 வருடத்தில் கட்டும் மொத்தத் தொகை 83 லட்சத்தைத் தாண்டும். இந்த இடைவெளியை விலையேற்றம் மட்டும்தான் நிரப்ப வேண்டும். நிரப்பலாம், நிரப்பாமலும் போகலாம். உங்கள் சம்பளம் ஆறு மாதம் நின்றாலும் தவணை நிற்காது என்பதையும் இதே கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

வாடகைதான் குறி என்றால், வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கம் நாலைந்து போர்ஷன் உள்ள பழைய வீடு, போட்ட பணத்துக்குக் கூடுதல் வாடகை தரும். ஆனால் அது உட்கார்ந்து சாப்பிடும் வருமானம் இல்லை. தண்ணீர் மோட்டார், சப் மீட்டர் கணக்கு, பொதுக் கழிவறை, ஒருவர் காலி செய்தால் அட்வான்ஸைத் திருப்புவது என்று வாரத்துக்கு ஒரு பஞ்சாயத்து இருக்கும். பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறவருக்குச் சரிப்படும். நகரின் தெற்கே ஓஎம்ஆரில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து போகிறவருக்குச் சரிப்படாது.

மனை வாங்குவதா, ஃபிளாட் வாங்குவதா?

கட்டடம் வருடா வருடம் பழசாகும். விலை ஏறுவது மண்ணுக்குத்தான். அதனால் ஃபிளாட் வாங்கும்போது சதுர அடி விலையைக் கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள், யுடிஎஸ் எவ்வளவு என்று கேளுங்கள். பிரிக்கப்படாத மனையில் உங்கள் பங்குதான் அது. ஒரே 900 சதுர அடி ஃபிளாட்டுக்கு ஓரிடத்தில் 450 சதுர அடி மண் வரும், அரை கிரவுண்டில், அதாவது 1,200 சதுர அடியில், நெருக்கிக் கட்டிய இன்னொன்றில் 250தான் வரும். இருபது வருடம் கழித்து இடித்துக் கட்டும்போது இந்த வித்தியாசம்தான் பேசும்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, எட்டு வீட்டுக்கு மேலோ கட்டும் புதுத் திட்டமாக இருந்தால் மனை, கட்டடத் திட்டங்களைக் கண்காணிக்கும் ஆணையமான ரெராவில் பதிவு கட்டாயம். வாங்குகிறவர்களிடம் வசூலிப்பதில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்தின் கட்டுமானத்துக்கும் நிலத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும். வட சென்னையில் பெரும்பாலான கட்டடங்கள் நாலு வீடு, ஆறு வீடு கொண்டவை. அவை ரெரா வரம்புக்குள் வராது. அங்கே உங்களுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு ஒப்பந்தமும் அனுமதி பெற்ற வரைபடமும்தான். தரைத்தளமும் இரண்டு மாடியும் கட்ட அனுமதி வாங்கிவிட்டு மூன்றாவது மாடியையும் எழுப்பியிருந்தால், அந்த மூன்றாவது மாடி வீட்டை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

செங்குன்றம், பெரியபாளையம் பக்கம் மாதத் தவணையில் மனை தருகிறார்கள். வேனில் கூட்டிப்போய் மதியச் சாப்பாடும் போடுகிறார்கள். நம்பலாமா?

சாப்பாட்டை விட்டுவிட்டு லேஅவுட் அனுமதி எண்ணைக் கேளுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகளான சிஎம்டிஏ அல்லது டிடிசிபியின் அனுமதி இருக்க வேண்டும். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று பலகையில் போட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை. 2016 அக்டோபர் 20க்கு முன்னால் பத்திரப்பதிவான அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017ல் விதி கொண்டுவந்தது. அதற்குப் பிறகு புதிதாகக் கூறுபோட்டு விற்கும் அனுமதியற்ற மனைக்கு அந்தச் சலுகை கிடையாது. புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டுமானத்துக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது, அதையும் விசாரியுங்கள்.

தவணை முழுக்கக் கட்டி முடித்த பிறகுதான் பதிவு என்றால், அதுவரை உங்கள் கையில் இருப்பது ரசீது மட்டும்.

ஈசி போட்டுப் பார்த்தேன், வில்லங்கம் எதுவும் இல்லை. போதாதா?

போதாது. ஈசி என்கிற வில்லங்கச் சான்றிதழில் பதிவு அலுவலகத்துக்கு வந்த ஆவணங்கள் மட்டும்தான் தெரியும். பதியாத லீஸ், பதியாத உயில், வாய்மொழியாகப் பாகம் பிரித்தது, கோர்ட்டில் நடக்கிற பெரும்பாலான வழக்குகள் எதுவும் அதில் வராது.

இருந்தாலும் ஈசி ஒரு கதை சொல்லும், அதை முழுக்கப் படிக்க வேண்டும். குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஒவ்வொரு வரியிலும் எழுதிக் கொடுத்தவர் பெயரையும் எழுதி வாங்கியவர் பெயரையும் ஒரு தாளில் சங்கிலி மாதிரி எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு வரியில் வாங்கியவர்தான் அடுத்த வரியில் கொடுத்தவராக இருக்க வேண்டும். எங்கேயாவது சங்கிலி அறுந்தால், அதாவது வாங்காத ஒருவர் திடீரென்று விற்றிருந்தால், நடுவில் இறப்போ, குடும்பத்துக்குள் எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட்டோ, உயிலோ இருக்கும். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் நான்கு எல்லை: பழைய பத்திரத்தில் ‘கிழக்கே இன்னார் வீடு, மேற்கே பொதுச் சந்து’ என்று இருக்கும், புதுப் பத்திரத்தில் அந்தச் சந்து காணாமல் போயிருக்கும். சந்தைச் சேர்த்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வடக்கு தெற்கு அளவு, கிழக்கு மேற்கு அளவு இரண்டையும் நாடா பிடித்து அளந்து பத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

பழைய அடமானக் கடனைக் கட்டி முடித்திருந்தால் அதற்கான ரசீது ஆவணமும் ஈசியில் பதிவாகியிருக்க வேண்டும். சொத்தின் மூல ஆவணமான தாய்ப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸை மட்டும் நீட்டினால், அசல் எங்கேயாவது அடமானத்தில் இருக்கலாம்.

ராயபுரத்தில் பழைய வீடு, மூன்று அண்ணன் தம்பிகளும் கையெழுத்துப் போடுகிறார்கள். தங்கைக்குக் கல்யாணத்தில் சீர் செய்தாகிவிட்டதாம். வாங்கலாமா?

தங்கை கையெழுத்து இல்லாமல் வாங்காதீர்கள். சீர் செய்ததால் பெண்ணின் பங்கு போய்விடாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005ல் வந்த திருத்தம் பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை கொடுத்துவிட்டது. அப்பா சம்பாதித்து உயில் எழுதாமல் இறந்த வீடாக இருந்தால் அதற்கு முன்பே சம பங்குதான். தங்கை தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுக்க வேண்டும், அல்லது கிரயப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதில் இருக்கிற ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வாரிசுகளில் மைனர் பிள்ளை இருந்தால், அவருடைய பங்கை விற்கக் கோர்ட் அனுமதி தேவைப்படலாம். அதை வக்கீல் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

விற்கிறவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் பத்து வருடம் கழித்து விலை மூன்று மடங்கானதும் அந்தத் தங்கையின் பிள்ளைகள் வழக்குப் போட்டால், படியேறப் போவது நீங்கள்தான்.

‘மேல்கட்டுமானம் மட்டும்’ என்று பத்திரத்தில் இருக்கிறது. அப்படியென்றால்?

சுவரும் கூரையும் உங்களுடையது, மண் இன்னொருவருடையது. பெரும்பாலும் கோயிலுடையதாக இருக்கும். திருவொற்றியூர் போன்ற பழைய கோயில் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அடிமனை வாடகை கட்டிக்கொண்டு வாழ்கிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் வாழ்வதில் தப்பில்லை. முதலீடாக நீங்கள் அதை வாங்குவதுதான் தப்பு. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி, ஆணையர் ஒப்புதல் இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது. வங்கிக் கடன் கிடைக்காது. அடிமனை வாடகையை மாற்றி நிர்ணயித்தால் பாக்கியும் உங்கள் தலையில் விழும். விலை குறைவதற்குத் தீராத காரணம் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

குடிசை மாற்று வாரியம் மாதிரி அரசு வாரியம் ஒதுக்கிய வீடு ஒன்று மலிவாக வருகிறது. வெறும் ஒப்பந்தம் எழுதித் தருகிறார்களாம்.

வேண்டாம். ஒதுக்கீட்டு ஆணை யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வாரியத்தின் கணக்கில் ஒதுக்கீட்டாளர். பழைய பிளாக்குகளை இடித்துத் திரும்பக் கட்டுகிறார்கள். புது வீடு ஒதுக்கும்போது உங்கள் முத்திரைத்தாளை யாரும் கேட்க மாட்டார்கள். தவணை முழுதும் கட்டி, வாரியமே கிரயப் பத்திரம் பதிந்து கொடுத்த வீடாக இருந்தால் மட்டும் மற்ற வீட்டைப் போல ஆராயலாம்.

பவர் பத்திரத்தை வைத்து விற்கிறார். பரவாயில்லையா?

பவர் மட்டுமே உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் ஏஜென்ட் உரிமையாளர் சார்பில் முறையான கிரயம் பதிந்து கொடுக்கலாம். ஆனால் பவர் எழுதியவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்துவிட்டாரா என்று பாருங்கள். முடிந்தால் அவரையே நேரில் பார்த்துப் பேசுங்கள்.

வெள்ளம் வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விற்பவரிடம் கேட்டால் ‘இந்தத் தெருவுக்கு மட்டும் வராது’ என்பார். நீங்கள் சுவரைப் பாருங்கள். காம்பவுண்டில் பெயின்ட் ஓரளவு உயரம் வரை மட்டும் வெளுத்தோ பூஞ்சையாகவோ இருக்கும், தண்ணீர் நின்ற மட்டம் அது. பக்கத்து வீடுகளில் ஈபி பெட்டியை ஆளுயரத்துக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா? வாசல்படிக்கு முன்னால் புதிதாகச் சின்ன சுவர் எழுப்பியிருக்கிறார்களா? வீட்டுக்குள் இறங்கிப் போக வேண்டியிருக்கிறதா? சாலையை மேலே மேலே போட்டு வீடு பள்ளத்துக்குப் போன தெருக்கள் வட சென்னையில் நிறைய. அந்த வீட்டுக்குத் தரையைத் தூக்க ஆகும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

மணலி புதுநகர் வேறு மாதிரி. பூண்டி ஏரியில் உபரி நீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு அந்தப் பக்கமாகத்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. 2015, 2021, 2023 மூன்று தடவையும் அங்கே தண்ணீர் புகுந்தது. ஆற்று வெள்ளம் வரும் இடத்தில் தெரு வடிகால் கட்டினால் மட்டும் தீராது. பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா ஓரங்களிலும் நவம்பர், டிசம்பரில் ஒரு மழை நாளில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்கரை ஓரமானால் இன்னொரு விஷயம். துறைமுகத்துக்கு வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் கல் கொட்டித் தூண்டில் வளைவு போடுகிறார்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிற மனையில் நினைத்தபடி கட்டவும் முடியாது.

மணலி, கொடுங்கையூர், எண்ணூர் பக்கம் இரவு பத்து மணிக்கு ஒருமுறை போய் நின்று பாருங்கள். பகலில் தெரியாத நெடி அப்போது தெரியும். நிலத்தடி நீரையும் சோதித்துப் பாருங்கள். மீஞ்சூர் பக்கம் உப்புநீர் உள்ளே வந்தது பழைய கதை.

பதிவுச் செலவு எவ்வளவு?

2023 ஏப்ரலிலிருந்து கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். கட்டுநரிடம் முதல் தடவையாக வாங்கும் புது ஃபிளாட்டுக்குச் சலுகை உண்டு: 50 லட்சம் வரை மொத்தம் 6, அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். கட்டி முடியாத ஃபிளாட்டுக்குப் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி, பணி நிறைவுச் சான்று பெற்றபின் வாங்கினால் அது இல்லை. வக்கீல், பத்திரம் எழுதுபவர், புரோக்கர் செலவு தனி. வங்கி வழக்கமாக இதற்கெல்லாம் கடன் தராது, கையில் இருக்க வேண்டும்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடச் சொல்கிறார்கள்.

சம்மதிக்காதீர்கள். வரிச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரியும், லாபம் பெரிதாகக் காட்டும், வரியும் கூடும். இப்போது இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. 2024 ஜூலை 23க்கு முன்னால் வாங்கிய சொத்துக்கு, பணவீக்கத்தைக் கழித்துக்கொண்டு 20 சதவீதம் கட்டும் வழியும் இருக்கிறது, எது குறைவோ அதைக் கட்டலாம். அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்கவும் சட்டத்தில் இடமில்லை.

லீஸுக்கு விட்டு வரும் மொத்தப் பணத்தை வைத்து இன்னொரு இடம் வாங்கலாமா?

மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாக வாங்கும் லீஸ் பணம் கடன். குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் முழுசாகத் திருப்ப வேண்டும். அடுத்த லீஸ் ஆள் கிடைக்காமல், போனவருக்குப் பணம் கொடுக்க முடியாமல் வீட்டையே விற்றவர்கள் உண்டு. நீங்கள் வாங்கும் வீட்டில் லீஸில் ஆள் இருந்தால், அந்தத் தொகையை விலையில் கழித்து, யார் திருப்புவது என்று பத்திரத்திலேயே எழுதுங்கள்.

பெரிய தொகை இல்லை. மாதம் ஐயாயிரம்தான் முடியும்.

பலருடைய பணத்தைச் சேர்த்து வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் நிதிதான் ரெய்ட். அதன் யூனிட் பங்குச்சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அலுவலகக் கட்டடங்களின் வாடகையில் ஒரு துளி உங்களுக்கும் வரும், வேண்டாமென்றால் சந்தை நாளில் விற்றுவிடலாம். விலை ஏறி இறங்கும். நாலு பேர் சேர்ந்து மனை வாங்கி ஒருவர் பெயரில் பதிவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு.

வங்கியே கடன் கொடுக்கிறது, அப்படியானால் பத்திரம் சுத்தம்தானே?

வங்கியின் வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார். வழக்கு வந்தாலும் தவணையை வங்கி உங்களிடம்தான் கேட்கும். சில ஆயிரம் செலவழித்து உங்களுக்கென்று ஒரு வக்கீல் கருத்துரை வாங்குங்கள்.

அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டாகிவிட்டது. இப்போதுதான் பத்திரத்தில் ஏதோ இடிக்கிறது. என்ன செய்வது?

மேற்கொண்டு பணம் கொடுப்பதை நிறுத்துங்கள். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிந்திருக்கிறீர்களா, அதில் ‘உரிமையில் குறை இருந்தால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், குறையைக் குறிப்பிட்டு வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள். ‘பேசித் தீர்த்துக்கலாம்’ என்று புரோக்கர் நாளைக் கடத்தினால் ஒப்பந்தக் கெடு தாண்டிவிடும், தப்பு உங்கள் பக்கம் என்று ஆகிவிடும். குறை என்பது விட்டுப்போன ஒரு கையெழுத்து, பதியாத ஒரு கடன் ரசீது என்றால், விற்பவர் அதைச் சரிசெய்து கொண்டுவர ஒரு மாதம் கொடுத்து, கெடுவை எழுத்தில் நீட்டித்துக்கொள்ளுங்கள். மண்ணே அவருடையது இல்லை என்று தெரிந்தால் அட்வான்ஸை மட்டும் கேட்டு வாங்க முயலுங்கள், பாதிதான் திரும்ப வருகிறது என்றாலும் மீதியைக் கட்டிப் பதியப் போகாதீர்கள்.